வெயில் ஊரில் கூலன்ட்: எதை வாங்குவது, எப்படி மாற்றுவது

மதுரையிலும் வேலூரிலும் தண்ணீர் உறையப் போவதில்லை. பிறகு இன்ஜினைக் குளிர்விக்க எதற்குக் கூலன்ட், குழாய்த் தண்ணீர் போதாதா? கார் வாங்கிய புதிதில் பலரும் கேட்கும் கேள்வி இது. கேட்பதில் தவறில்லை. வெப்பத்தை உறிஞ்சி எடுத்துச் செல்வதில் வெறும் தண்ணீரை மிஞ்சும் மலிவான திரவம் கிடையாது. கூலன்டில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் என்ற திரவம் அந்தத் திறனைக் கொஞ்சம் குறைக்கத்தான் செய்கிறது. ஆனால் தண்ணீரை மட்டுமே குடித்து ஓடிய ரேடியேட்டரைக் கழற்றிப் பார்த்தவர்கள் அந்தக் கேள்வியை மறுபடி கேட்பதில்லை. உள்ளே செங்காவி நிறத்தில் துருநீர், குழாய்களின் வாயில் வெள்ளை உப்புப் படிவு, அரித்துக் குழி விழுந்த அலுமினியம்.

நம் பக்கத்து வெயிலில் கூலன்டின் முதல் வேலை அரிப்பைத் தடுப்பது. இன்ஜினுக்குள் அலுமினியம், வார்ப்பிரும்பு, எஃகு, ரப்பர், பிளாஸ்டிக் எல்லாம் ஒரே சூடான நீரில் ஊறிக் கிடக்கின்றன. இவை ஒன்றையொன்று அரிக்காமலிருக்கக் கூலன்டில் சில வேதிப்பொருட்களைச் சேர்க்கிறார்கள். பாட்டிலில் அவற்றின் பங்கு மிகச் சிறியது. நீங்கள் காசு கொடுப்பது பெரும்பாலும் அவற்றுக்காகத்தான்.

இரண்டாவது வேலை, கொதிநிலையை உயர்த்துவது. சாதாரணக் காற்றழுத்தத்தில் தண்ணீர் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். பாதிக்குப் பாதி கிளைக்கால் கலந்தால் ஏறத்தாழ 108 டிகிரி. இதற்கு மேல் ரேடியேட்டர் மூடி பிரஷர் குக்கரின் வேலையைச் செய்கிறது: 1.1 என்று அச்சிட்ட மூடி, சாதாரணக் காற்றழுத்தத்தைப் போல ஏறத்தாழ இன்னொரு மடங்கு கூடுதல் அழுத்தத்தை உள்ளே தேக்கி, கொதிநிலையை 130 டிகிரிக்குப் பக்கத்தில் கொண்டுபோகிறது. இன்ஜின் வழக்கமாக 90 முதல் 100 டிகிரிக்குள்தான் ஓடும், பிறகென்ன என்று தோன்றலாம். ஏப்ரல் மாதத்து நண்பகலில், நான்கு பேரை ஏற்றிக்கொண்டு, ஏசியும் ஓட, கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளை இரண்டாம் கியரில் ஏறும்போது அந்த இடைவெளியின் அருமை தெரியும்.

உறையாமல் காப்பது மூன்றாவது வேலை. ஊட்டிக்கு அருகே தலைக்குந்தாவில் டிசம்பர், ஜனவரி இரவுகளில் வெப்பநிலை பூஜ்ஜியத்தைத் தொடுகிறது. காரிலேயே லடாக் வரை போகிறவர்களுக்கு இதுதான் முதல் வேலையாகிவிடும். மற்றவர்கள் இதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

நிறத்தை நம்பாதீர்கள்

கடையில் போய் நின்றால் பச்சை, சிவப்பு, நீலம், இளஞ்சிவப்பு, மஞ்சள், ஊதா என்று வரிசையாக வைத்திருப்பார்கள். கடைக்காரர் உங்களிடம் கேட்கும் முதல் கேள்வியே "பழசு என்ன கலர்?" என்பதுதான். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லி வாங்கி வராதீர்கள். நிறம் என்பது கசிவைக் கண்டுபிடிக்க வசதியாகக் கலக்கும் சாயம். எந்த நிறத்துக்கு எந்த வகை என்று எல்லாத் தயாரிப்பாளரையும் கட்டுப்படுத்தும் விதி எதுவும் இல்லை. டொயோட்டாவின் இளஞ்சிவப்புக் கூலன்டில் பாஸ்பேட் உண்டு, சிலிக்கேட் இல்லை (இரண்டும் அரிப்பைத் தடுக்கச் சேர்க்கும் உப்புகள்). வோக்ஸ்வாகன் குழுமத்தின் ஜி13 கூலன்டும் இளஞ்சிவப்பு சாய்ந்த ஊதா நிறம்தான். அதில் சிலிக்கேட் உண்டு, பாஸ்பேட் இல்லை. கண்ணுக்கு உறவு, உள்ளே அந்நியம்.

கூலன்ட் குடும்பங்களை இப்படிப் புரிந்துகொண்டால் போதும். பழைய வகை, சிலிக்கேட் போன்ற கனிம உப்புகளை நம்பியது. உலோகத்தின் மேல் சீக்கிரமே ஒரு காப்புப் படலம் போட்டுவிடும்; சீக்கிரமே தீர்ந்தும் போகும். இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றியே ஆக வேண்டும். அடுத்து வந்தது கரிம அமில வகை. அரிப்பு தொடங்கும் இடத்தில் மட்டும் வேலை செய்வதால் மெதுவாகச் செலவாகி, ஐந்தாண்டு, அதற்கு மேலும் தாங்கும். மூன்றாவது வகை இரண்டையும் கலந்தது. இந்தக் கலவையில் ஊருக்கொரு வழக்கம் இருக்கிறது. ஐரோப்பிய நிறுவனங்கள் கடின நீரில் படிவு உண்டாகும் என்று பாஸ்பேட்டைத் தவிர்த்து சிலிக்கேட்டைச் சேர்க்கின்றன. ஜப்பானியர்கள் வாட்டர் பம்பின் சீல் தேயும் என்று சிலிக்கேட்டைத் தவிர்த்து பாஸ்பேட்டைச் சேர்க்கிறார்கள். இரண்டு தரப்புக்கும் தத்தம் அனுபவத்தில் நியாயம் உண்டு. நமக்கு அதில் நடுவர் வேலை வேண்டாம். நம் கார் எந்தத் தரப்பில் பிறந்தது என்று தெரிந்தால் போதும்.

ஆகவே வாங்கும் முன் செய்ய வேண்டியது, காருடன் வந்த கையேட்டில் திரவங்கள் பற்றிய பக்கத்தைத் திறப்பது. நிறுவனத்தின் சொந்தக் கூலன்டின் பெயரோ, ஒரு தரக் குறியீடோ அங்கே இருக்கும். நிறுவனக் கூலன்ட் கிடைக்கிற ஊரானால் அதையே வாங்குங்கள். சில நூறு ரூபாய் அதிகம் ஆகலாம், ஆனால் ஆண்டுக்கணக்கில் உள்ளே இருக்கப் போகிற பொருள். கிடைக்காவிட்டால், பாட்டிலின் பின்பக்கத்தைப் படியுங்கள். இந்திய தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 5759, ஜப்பானின் ஜே.ஐ.எஸ். கே 2234, அமெரிக்காவின் ஏ.எஸ்.டி.எம். டி 3306 ஆகிய எண்களில் ஒன்றாவது இருக்க வேண்டும். உங்கள் கையேடு கேட்கும் வகைக்கு ஏற்றது என்றும் எழுதியிருக்க வேண்டும். "எல்லா கார்களுக்கும் ஏற்றது" என்று முன்பக்கம் பெரிதாகப் போட்டு, பின்பக்கம் எந்த எண்ணும் இல்லாத பாட்டிலை வைத்த இடத்திலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

இரண்டு வகைகளைக் கலந்தால் உடனே இன்ஜின் நின்றுவிடும் என்று பயமுறுத்துவார்கள். பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. வேதிப்பொருட்கள் ஒன்றையொன்று கெடுத்துக்கொண்டு ஐந்தாண்டுக் கூலன்ட் இரண்டாண்டுக் கூலன்டாகச் சுருங்கும். சில சேர்க்கைகளில் கொழகொழப்பான படிவு உண்டாகி ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களை அடைக்கவும் கூடும். வழியில் அளவு குறைந்து வேறு வழியில்லை என்றால் கொஞ்சம் சுத்தமான தண்ணீர் சேர்த்து ஊர் வந்து சேருங்கள். தெரியாத கூலன்டை ஊற்றுவதைவிட அது மேல்.

எந்தத் தண்ணீர், எவ்வளவு?

கூலன்ட் இரண்டு விதமாக விற்கிறது. ஒன்று, தண்ணீர் ஏற்கெனவே கலந்தது, அப்படியே ஊற்றலாம். மற்றொன்று அடர்த்தியானது, நாம்தான் தண்ணீர் கலக்க வேண்டும். புதியவர்கள் கலந்ததையே வாங்குவது நல்லது. ஆனால் ரேடியேட்டரை அலசப் போகிறீர்கள் என்றால் அடர்த்தியானதுதான் சரி. காரணம் பின்னால் வருகிறது.

அடர்த்தியானதைத் தண்ணீர் சேர்க்காமல் ஊற்றினால் இன்னும் நன்றாகக் காக்கும் என்பது சிலரின் எண்ணம். தவறு. தனிக் கிளைக்கால் வெப்பத்தைச் சரியாக எடுத்துச் செல்லாது. மைனஸ் 13 டிகிரி அளவிலேயே உறைந்தும் விடும். பாதி தண்ணீர் சேர்ந்த கலவை உறைய மைனஸ் 37 வரை போக வேண்டும். 50 சதவீதம் எங்கும் பொருந்தும் அளவு. குளிர் இல்லாத ஊர்களுக்கு 30 சதவீதம் போதும் என்று சொல்லும் கையேடுகளும் உண்டு. அதற்குக் கீழே இறங்கினால் அரிப்புத் தடுப்பு பலவீனமாகிவிடும். 60-ஐத் தாண்ட வேண்டிய அவசியம் தமிழ்நாட்டில் யாருக்கும் இல்லை.

தண்ணீர் விஷயத்தில்தான் நம் ஊரில் நிறைய கெட்டுப்போகிறது. குடிநீரில் கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்பது இந்தியத் தரம். கடலோரத்து ஆழ்துளைக் கிணறுகளில் அது சர்வசாதாரணமாக அந்த அளவைத் தாண்டும். அதிலுள்ள கால்சியம், இன்ஜினின் மிகச் சூடான இடங்களில், அதாவது எங்கே வெப்பத்தை அதிகமாக எடுக்க வேண்டுமோ அங்கே, ஓடாகப் படிகிறது. குளோரைடு அலுமினியத்தைக் குழிகுழியாக அரிக்கிறது. வீட்டு ஆர்.ஓ. தண்ணீர் இதைவிட எவ்வளவோ மேல், ஆனால் அதிலும் உப்பு முழுதாக நீங்குவதில்லை. ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரைக் குடத்தில் பிடித்து வைத்து ஊற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். சிக்கனம் புரிகிறது, அதில் தூசியும் ஏசிக்குள்ளிருந்து வந்த உலோகத் துகளும் இருக்கும் என்பதால் வேண்டாம்.

பேட்டரி கடையில் விற்கும் டிஸ்டில்ட் வாட்டர் வாங்குங்கள். விலை அதிகமில்லை. ஒரே எச்சரிக்கை: அதே கடையில் பேட்டரி ஆசிட்டும் ஏறக்குறைய அதே மாதிரி கேனில் இருக்கும். "பேட்டரிக்கு ஊற்றுவது" என்று பொதுவாகக் கேட்காமல், பெயரைச் சொல்லிக் கேட்டு, மேலே ஒட்டிய தாளையும் படித்துவிட்டு வாங்குங்கள்.

எப்போது மாற்றுவது?

கையேடு சொல்லும் கிலோமீட்டர் அல்லது ஆண்டு, எது முதலில் வருகிறதோ அது. பழைய வகைக் கூலன்டுக்கு இது சுமார் 40,000 கிலோமீட்டர். நீண்டநாள் உழைக்கும் வகைகளுக்கு முதல் முறை ஒரு லட்சத்தையும் தாண்டும். இரண்டாம் முறையிலிருந்து இடைவெளி பாதியாகக் குறையும். பழையது முழுவதையும் வீட்டிலோ பணிமனையிலோ வடிக்க முடியாது என்பது அதற்கு ஒரு காரணம். பழைய கார் வாங்கியிருக்கிறீர்கள், முன்னவர் எதை ஊற்றினார் என்று தெரியாது என்றால், கணக்குப் பார்க்காமல் ஒருமுறை முழுவதும் அலசி மாற்றிவிடுங்கள்.

அதற்கு முன் இன்ஜின் ஆறியிருக்கும்போது உள்ளே இருப்பதைக் கொஞ்சம் எடுத்து வெள்ளைக் கிண்ணத்தில் பாருங்கள். நிறம் தெளிவாக இருந்தால் நல்லது. பழுப்பாக, அடியில் துகளுடன் இருந்தால் துரு, அலச வேண்டும். பால் கலந்தது மாதிரி கலங்கியோ, மேலே எண்ணெய் மிதந்தோ இருந்தால் இந்த வேலையைத் தொடங்கவே வேண்டாம். ஹெட் கேஸ்கட்டோ ஆயில் கூலரோ பழுதாகி ஆயில் கலக்கிறது என்று பொருள். நேரே மெக்கானிக்கிடம் போக வேண்டிய நோய் அது.

மின்சாரக் கார் வைத்திருப்பவர்களும் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். பேட்டரியைக் குளிர்விக்கும் சுற்றுக்குச் சில கார்களில் மின்கடத்தும் தன்மை மிகக் குறைந்த தனிக் கூலன்ட் தேவை. அது வீட்டு வாசலில் செய்யும் வேலையும் இல்லை.

வடித்தல்

இன்ஜின் முழுவதும் ஆறியிருக்க வேண்டும். இதில் சமரசமே கிடையாது. சூடான இன்ஜினின் மூடியைத் திறந்தால் அழுத்தம் சட்டென்று விழுந்து, அதுவரை கொதிக்காமல் அடங்கியிருந்த திரவம் ஒரு நொடியில் ஆவியாகி முகத்தில் அடிக்கும். இரவு நிறுத்திய காரைக் காலையில் எடுக்காமல் அப்படியே வேலையைத் தொடங்குவதுதான் சிறந்தது. காற்றோட்டமான சமதரையில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கல் வையுங்கள். சாவியைக் கழற்றிவிடுங்கள், சில கார்களில் மின்விசிறி தானாகவே சுழலத் தொடங்கும். கையுறை, கண்ணாடி, ஏழெட்டு லிட்டர் பிடிக்கும் அகலமான தட்டு, புனல், அளவு போட்ட குவளை, கிளாம்ப் கழற்ற பிளையர், பழந்துணி ஆகியவை தயாராக இருக்கட்டும்.

பிள்ளைகளும் நாய், பூனையும் பக்கத்தில் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருக்கும், நாய் நக்கிக் குடித்துவிடும். கொஞ்சம் உள்ளே போனாலே சிறுநீரகத்தைக் கெடுத்து உயிரைப் பறிக்கும் நஞ்சு அது. மிச்சமான கூலன்டைத் தண்ணீர் பாட்டிலிலோ ஜூஸ் பாட்டிலிலோ ஊற்றி வைக்கும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. அதை அறவே விட வேண்டும். யாராவது குடித்துவிட்டால் அறிகுறிக்காகக் காத்திராமல், பாட்டிலையும் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

மூடி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். மாருதி, ஹோண்டா போன்ற பல கார்களில் ரேடியேட்டரின் மேலேயே இருக்கும்; பக்கத்தில் உள்ள ரிசர்வ் டப்பா அழுத்தமில்லாத வெறும் சேமிப்பு. ஐரோப்பியக் கார்களில் பெரும்பாலும் ரேடியேட்டரில் மூடியே இராது. டப்பாவின் மூடிதான் அழுத்த மூடி. துணியை மேலே போட்டு மெதுவாகத் திருகித் திறங்கள். ஹீட்டர் குமிழை முழுச் சூட்டுக்குத் திருப்புங்கள். நம் ஊரில் அந்தக் குமிழைத் தொட்டே பார்க்காதவர்கள் பலர், ஆனால் டாஷ்போர்டுக்குள் ஒரு சின்ன ரேடியேட்டர் இருக்கிறது, அதிலும் பழைய கூலன்ட் நிற்கிறது.

ரேடியேட்டரின் அடிமூலையில் வடிகால் திருகு இருக்கும். தட்டை வைத்துவிட்டுக் கையால் மெல்லத் தளர்த்துங்கள். அது பிளாஸ்டிக், வெப்பத்தில் வெந்து நொறுங்கும் பதத்தில் இருக்கும். பிளையரால் முறுக்கினால் உடைந்து, இந்த வேலை ரேடியேட்டர் மாற்றும் வேலையாகிவிடும். திருகு இல்லாத காரில் கீழ் ஹோஸின் கிளாம்பை நகர்த்திக் குழாயை இழுக்க வேண்டும். ஒட்டிக்கொண்டிருந்தால் இழுக்காமல் இடமும் வலமுமாகத் திருகிவிட்டுக் கழற்றுங்கள். ரிசர்வ் டப்பாவையும் காலி செய்து கழுவுங்கள். அடியில் சேறு இருக்கும்.

வடிந்ததை அளந்து எழுதிவையுங்கள். நிறைய பேர் விட்டுவிடும் படி இது. கையேட்டில் மொத்தக் கொள்ளளவு இருக்கும். சிறிய கார்களில் நான்கு முதல் ஆறு லிட்டருக்குள். மொத்தத்தில் வடிந்ததைக் கழித்தால் இன்ஜின் பிளாக்கிலும் ஹீட்டரிலும் எவ்வளவு தங்கிவிட்டது என்று தெரியும்.

அலசலாமா, வேண்டாமா?

வடிந்தது தெளிவாக இருந்து, அதே வகையைத்தான் திரும்ப ஊற்றப் போகிறீர்கள் என்றால் அலசாதீர்கள். கலந்து விற்கும் கூலன்டை ஊற்றி முடித்துவிடலாம். நிறம் கெட்டிருந்தாலோ, வகையை மாற்றினாலோ அலச வேண்டும்: திருகை மூடி, டிஸ்டில்ட் வாட்டர் நிரப்பி, தெர்மோஸ்டாட் (இன்ஜின் சூடானதும் திறந்து கூலன்டை ரேடியேட்டருக்கு விடும் வால்வு) திறக்கும் அளவுக்கு இன்ஜினை ஓடவிட்டு, முழுவதும் ஆறவிட்டு, மறுபடி வடிக்க வேண்டும். தெளிந்த நீர் வரும்வரை இது தொடரும். ஒவ்வொரு முறையும் ஆற நேரமாகும் என்பதால் ஒரு முழு நாளை ஒதுக்குங்கள். அமிலம் கலந்த அலசு மருந்துகளைப் பழைய ரேடியேட்டரில் ஊற்றச் சொல்லி யாராவது பரிந்துரைத்தால் மறுத்துவிடுங்கள். சில ரேடியேட்டர்களில் ஓட்டையை அடைத்துக்கொண்டிருப்பதே அந்த உப்புப் படிவுதான்.

அலசிய பிறகு ஒரு கணக்கு இருக்கிறது. மொத்தம் 5 லிட்டர், வடிந்தது 3.5 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். உள்ளே 1.5 லிட்டர் வெறும் தண்ணீர் நிற்கிறது. இப்போது கலந்து விற்கும் கூலன்டை 3.5 லிட்டர் ஊற்றினால், 50 சதவீதம் என்று நினைத்தது 35 சதவீதமாக நீர்த்துவிடும். அடர்த்தியானதை 2.5 லிட்டர் முதலில் ஊற்றி, மீதி ஒரு லிட்டருக்கு டிஸ்டில்ட் வாட்டர் சேர்த்தால் சரியாகப் பாதிக்குப் பாதி வரும். 30 சதவீதம் போதுமென்றால் கூலன்ட் 1.5 லிட்டர், தண்ணீர் 2 லிட்டர்.

நிரப்புதலும் காற்று வெளியேற்றலும்

வேலையில் சொதப்பல் நடப்பது பெரும்பாலும் இங்கேதான். உள்ளே காற்று மாட்டிக்கொண்டால் கூலன்ட் அந்த இடத்தைத் தொடாது. டப்பா நிறைந்திருக்கும், இன்ஜின் கொதித்துக்கொண்டிருக்கும்.

ஹோஸ், கிளாம்ப், திருகு எல்லாம் பழையபடி இறுகியிருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு, மெல்லிய தாரையாக ஊற்றுங்கள். அவசரப்பட்டு ஊற்றும் ஒவ்வொரு குவளையும் காற்றை உள்ளே பூட்டும். காற்றுத் திருகு உள்ள காரில் அதைத் தளர்த்தி வைத்து, குமிழியில்லாமல் கூலன்ட் வழிந்ததும் மூடுங்கள். மேல் ஹோஸைக் கையால் பலமுறை அமுக்கிவிடுங்கள்; குமிழிகள் மேலே வரும், மட்டம் இறங்கும், மறுபடி ஊற்றுங்கள்.

ரேடியேட்டரில் மூடி உள்ள கார் என்றால், கையேடு வேறு மாதிரி சொல்லாதவரை, மூடியைத் திறந்தே வைத்து இன்ஜினைப் போடுங்கள். ஹீட்டர் முழுச் சூட்டில் இருக்கட்டும், ஏசியை அணையுங்கள். ஏசி ஓடினால் மின்விசிறியும் ஓடி, சூடேறுவது தள்ளிப்போகும். 82 முதல் 88 டிகிரி அளவில் தெர்மோஸ்டாட் திறக்கும்போது மட்டம் திடீரென்று இறங்கும். பயப்பட வேண்டாம், அதற்குத்தான் காத்திருக்கிறோம். முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு ஊற்றுங்கள். மேல் ஹோஸ் சூடாகி, குமிழி நின்று, ஹீட்டரில் சூடான காற்று வந்ததும் மூடியை இறுக்குங்கள். மின்விசிறி இரண்டு முறை தானாக ஓடி நிற்கும்வரை விட்டுவிட்டு இன்ஜினை அணையுங்கள்.

இந்த நேரம் முழுக்க ஒரு கண் வெப்ப முள்ளின் மேல் இருக்க வேண்டும். புதிய கார்கள் பலவற்றில் முள்ளே இல்லை. குளிருக்கு நீல விளக்கு, கொதித்தால் சிவப்பு விளக்கு, நடுவில் ஒரு தகவலும் இல்லை. சிவப்பு எரியும்போது விஷயம் கைமீறிப் போயிருக்கும். காரின் கணினித் தகவலைப் படிக்கும் ஓபிடி கருவியைச் செருகி செல்பேசியில் டிகிரியைப் படிப்பது நல்லது. முள் நடுவைத் தாண்டினாலோ, ஹீட்டரில் குளிர்ந்த காற்றே வந்துகொண்டிருந்தாலோ உள்ளே காற்று அடைத்திருக்கிறது. அணைத்து, முழுவதும் ஆறவிட்டுத்தான் மறுபடி திறக்க வேண்டும்.

ஆறிய பிறகு ரேடியேட்டரை வாய் வரையிலும், டப்பாவைக் கீழ்க்கோட்டுக்கும் மேல்கோட்டுக்கும் நடுவிலும் நிரப்புங்கள். கூலன்டின் பெயர், தேதி, கிலோமீட்டர் மூன்றையும் தாளில் எழுதி பானெட்டின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள்.

வடித்த கூலன்டைச் சாக்கடையிலோ தென்னை மரத்தடியிலோ ஊற்றக் கூடாது. கேனில் ஊற்றி, கழிவு திரவங்களைச் சேகரித்து அனுப்பும் பணிமனையில் கொடுங்கள். தரையில் சிந்தியதை மணல் போட்டு உறிஞ்சி எடுத்துவிட்டு, தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

அடுத்த சில நாட்கள் காலையில் டப்பாவைப் பாருங்கள். ஒளிந்திருந்த காற்று வெளியேறி மட்டம் சற்றுக் குறைவது இயல்பு. அதன் பிறகும் குறைந்துகொண்டே போனால், கார் நின்ற தரையில் ஈரமிருக்கிறதா, வாட்டர் பம்பின் அடியிலும் ஹோஸ் வாய்களிலும் காய்ந்த நிறக்கறை இருக்கிறதா, முன் இருக்கையின் கால்விரிப்பு நனைந்து இனிப்பு வாடை வருகிறதா என்று தேடுங்கள். எங்கும் இல்லாமல் குறைகிறது, புகைக்குழாயிலும் விடாமல் வெள்ளைப் புகை என்றால் கூலன்ட் சிலிண்டருக்குள் போய் எரிகிறது. காரை ஓட்டாமல் நிறுத்திவிட்டு மெக்கானிக்கை வரவழையுங்கள்.